தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்

ரிச்சி தெருவில் ஆடியோ கடைக்குள் ஒருவர் நுழைந்து, விலையும் கேட்காமல், பாட்டுப் போடவும் சொல்லாமல், மேசை மேலிருக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தூக்கினால், வந்திருப்பவர் யாரென்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும். சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்தே கறி இத்தனை கிலோ தேறும் என்று சொல்வார்களே, அந்தக் கலைதான். “எட்டரை கிலோ இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர்ல கை வச்சுட்டான் சார்” என்பார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒரு டீ சொல்லுவார். இன்று வியாபாரம் இல்லை என்பது அவருக்கு உறுதியாகியிருக்கும்.

இவரைப் பணக்கார ரசிகர் என்று எண்ணிவிடக் கூடாது. பணக்காரர்கள் ஆளைக் கூப்பிட்டு மாட்டிக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். இவர் மாதச் சம்பளக்காரர். இவருடைய கவலையெல்லாம் நடுத்தர விலை ரிசீவர் மேல்தான். அதற்குக் கீழே இருப்பது டப்பா, மேலே இருப்பது பந்தா. இந்த இரண்டுக்கும் நடுவே ‘காசுக்கு ஒர்த்’ என்ற கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால், இவர் கடைசியாக என்ன விலைக்கு வாங்கினாரோ அதை உரசிக்கொண்டுதான் விழும். எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒருவர் 42,000 ரூபாய்க்கு வாங்கியிருந்த காலத்தில், “அதுக்கு மேல குடுக்கறதெல்லாம் பேருக்குக் குடுக்கற காசு” என்று லிஃப்டில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2019-இல் 68,000 கொடுத்து வேறொன்று வாங்கினார். மறுநாளிலிருந்து, “அறுபதுக்குக் கீழ வாங்கறதுக்கு ஒரு சவுண்ட்பாரை வாங்கி வச்சுட்டுப் பேசாமப் படுத்துக்கலாம்” என்று ஆகிவிட்டது.

எடை பார்ப்பதை நான் கேலி செய்யமாட்டேன். ரிசீவருக்குள் கனமான பொருள்கள் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்க்கும்தான். விலையைக் குறைக்க நினைக்கும் கம்பெனிக்கு முதலில் கண்ணில் படுவதும் அவைதான். ஆனால் இந்தக் கலையை இவர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை. அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த 110 வோல்ட் ரிசீவரை, அதற்கென்று வாங்கிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்து, “இது கட்டு!” என்று ஒருவர் மெச்சியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வாட் கணக்கில் இவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு பெட்டியில் 80 வாட் என்றும் பக்கத்துப் பெட்டியில் 145 வாட் என்றும் போட்டிருக்கும். நீங்களும் நானும் 145-ஐ எடுப்போம். இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடியிலிருக்கும் பொடி எழுத்தைப் படிப்பார். 80 என்பது 8 ஓம் ஸ்பீக்கரில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களும் ஓடும்போது எடுத்த கணக்கு. 145 என்பது 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸ் ஒற்றை ஸ்வரத்தில், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓடவிட்டு எடுத்தது. ஏழு சேனல்களையும் சேர்த்து ஓட்டினால் இரண்டுமே கணிசமாக இறங்கிவிடும். இதுவரை அவர் சொல்வது அத்தனையும் உண்மை. இதற்கப்புறம்தான் 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் தவிப்பார். அந்த இரண்டுக்கும் இடைவெளி ஒரு டெசிபெல்கூட முழுதாகத் தேறாது. பன்னிரண்டடி ஹாலில் இரவு ஒன்பது மணிக்கு, கீழ்வீட்டு மாமி மேலே வந்துவிடாத அளவுக்குப் படம் பார்க்கிறவருக்கு, ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் குறைவு. மீதி 79 வாட் அவருடைய கௌரவத்துக்கு.

கம்பெனிகளின் குடும்பக் கதையும் மனப்பாடம். டெனானும் மராண்ட்ஸும் 2002-இல் ஒரே கூரையின் கீழ் வந்தது, ஒன்கியோ 2022-இல் திவாலானது, எல்லாம் தேதியோடு வரும். “உள்ள சொந்தக்காரங்கதான் சார். மராண்ட்ஸ்ல முகப்புல ஒரு வட்டம் இருக்கும், அந்த வட்டத்துக்குத் தனிக் காசு.”

ஆனால் எங்கள் குடியிருப்புக்காரர் உருகிப் பேசுவது ரூம் கரெக்‌ஷனைப் பற்றித்தான். ரிசீவரோடு ஒரு சின்ன மைக் கொடுப்பார்கள். அதைக் காது உயரத்தில் வைத்து, ஹாலில் ஆறு அல்லது எட்டு இடங்களில் மாற்றி மாற்றி அளக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ‘ஊ...வீப்’ என்று ஒரு சத்தம் வரும். எந்த ஸ்பீக்கர் எத்தனை தூரத்தில் இருக்கிறது, எது அதிகமாகக் கத்துகிறது, அறை எந்த ஸ்வரத்தை ஊதிப் பெரிதாக்குகிறது என்பதை ரிசீவரே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். “ஃபேன் ஆஃப் பண்ணணும், ஃப்ரிட்ஜ் ஆஃப் பண்ணணும், தெருவுல வெங்காய வண்டி போகக் கூடாது. நூறு ரூபா குடுத்தா அதுல அம்பது ரூபா இந்த மைக்குக்குத்தான் சார். இது பண்ணாதவன் ரிசீவரே வாங்கக் கூடாது.”

அவர் வீட்டம்மாவுக்கு நெடுநாளாக ஒரே குறை. “பாட்டு வந்தா ஷோகேஸ் கண்ணாடி அதிருது. பேச ஆரம்பிச்சா ஒண்ணும் காதுல விழமாட்டேங்குது.” அதற்கு அவர், தமிழ் சினிமாவில் சவுண்டு மிக்ஸிங் செய்கிறவர்களின் தரம் இறங்கிவிட்டதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வார். 2012-இல் ‘சிவாஜி’ 3டி-யில் வந்தபோது (டால்பி அட்மாஸில் வந்த முதல் இந்தியப் படம் அது) சத்யம் தியேட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, வீட்டிலும் தலைக்கு மேலிருந்து சத்தம் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாடகை வீட்டுக் கூரையில் துளை போட ஓனர் விடவில்லை. அதனால் லாஃப்டில், பித்தளை அண்டாவுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே இரண்டு ஸ்பீக்கர்கள் குனிந்து உட்கார்ந்திருக்கின்றன. படத்தில் மழை பெய்தால் அண்டா முதலில் நனையும்.

போன மாதம் அந்த 68,000 ரூபாய் ரிசீவரை விற்கப்போவதாகச் சொல்லி, சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். வாங்க வந்தவரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்த் தூக்கினார்.

“ஒன்பதரை இருக்கும்.”

“ஒன்பது எழுநூறு” என்றார் நம்மவர்.

“எலக்ட்ரானிக்ஸ் சார். பெட்டியப் பிரிச்ச நிமிஷமே பாதி விலை.” இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் நம்மவர் பழைய ஸ்பீக்கர்களை வாங்கினார். இப்போது புதிதாகக் கேட்பதுபோல் முகம் சுளித்தார்.

“இப்ப வர்றதெல்லாம் தகடு. இது பழைய கட்டு சார். இந்த எடையில இனிமே வராது.”

“4கே-யில 120 ஹெர்ட்ஸ் பாஸ் ஆகாதே?”

“வீட்ல கேம் ஆடறாங்களா?”

“இல்ல. நாளைக்கு ஒரு தேவைன்னா?”

இருவரும் பாடம் தெரிந்தவர்கள், காப்பி ஆறிப்போனது. இதற்குள் யாரும் அதை ஆன் செய்து பார்க்கவில்லை. நானாக ஒரு பாட்டுப் போட்டுக் கேட்கலாமே என்றேன். இருவரும் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி பேரத்துக்குத் திரும்பினார்கள். கடைசியில் வந்தவர் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

“காலிப்ரேஷன் மைக் இருக்கா? அது தொலைஞ்சிருந்தா மூவாயிரம் குறைச்சுக்கணும்.”

நம்மவர் அவசரப்படவில்லை. தெர்மோகோலை விலக்கி, பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசை மேல் வைத்தார். மைக்கின் வயர் சுற்றிய சுற்றுக் கலையாமல் இருந்தது.

“பாருங்க சார். கம்பெனி ஒட்டுன டேப்பைக்கூடப் பிரிக்கல.”

வந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது.

“என்னோடதையும் இப்படித்தான் சார் வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ண ஆரம்பித்தார்.