ஜீப் ஜீர்ணோத்தாரண விக்ஞாபனம்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் மேலான சமூகத்திற்கு, கிழக்குத் தாம்பரத்தில் வசிப்பவனும், மோட்டார் சாஸ்திரத்தில் பயிற்சியும் கையில் ரொக்கமும் ஒருங்கே குறைந்தவனும், ஆயினும் பழைய ஜீப் ஒன்றுக்குச் சொந்தக்காரனுமாகிய அடியேன் சகல மரியாதைகளுடன் எழுதிக்கொள்ளும் விக்ஞாபனம்.

மோட்டார் வாகனங்களின் ஜனன மரணக் கணக்கை நிர்வகிக்கும் தங்களைக் குறைகூறும் உத்தேசம் எனக்குக் கிஞ்சித்தும் இல்லை. தங்கள் தயவு எந்த வயதில் வற்றி எந்த வயதில் மறுபடியும் சுரக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், என் வீட்டு வாசலில் பாதி பிரித்தும் பாதி பூட்டியும் நிற்கும் வண்டியை என்ன செய்வதென்று தீர்மானிக்கச் சௌகரியமாயிருக்கும் என்பதே என் ஏக நோக்கம். 2021ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், ஐம்பது பிராயம் கடந்த வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று கௌரவித்து, ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் பொறித்த தனி நம்பர் பிளேட்டை அவற்றுக்கு அருளும் அறிவிக்கை ஒன்றை வெளியிட்டீர்கள். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 13ஆம் தேதி, பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டும் கொள்கையைப் பிரதமரைக் கொண்டு தொடங்கிவைத்தீர்கள். பதினைந்தாம் வயதில் ஒருவனுக்குத் தகனத்துக்கு நாள் பார்த்துவிட்டு, ஐம்பதாம் வயதில் பொன்னாடை போர்த்திக்கொள்ள வரவேண்டுமென்று அவனுக்கே அழைப்பிதழும் அச்சிட்டு அனுப்புவதைப் போன்ற இந்த ஏற்பாட்டில், நடுவிலுள்ள முப்பத்தைந்து வருஷமும் அந்த வண்டி எங்கே, யார் செலவில், எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஜீவித்திருக்க வேண்டும் என்பதைப் பற்றித் தங்கள் விதிகள் வாய் திறக்கவில்லை. அந்த இடைக்காலத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

என் வண்டி 1993ஆம் வருஷம் ஜனவரியில் பதிவான மகிந்திரா எம்.எம்.540, பிரான்ஸ் தேசத்துப் பியூஜோ கம்பெனியின் உரிமத்தில் இங்கே செய்யப்பட்ட, 2112 சி.சி. கொள்ளளவுள்ள எக்ஸ்.டி.பி. டீசல் என்ஜினை உடையது. படப்பைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் மட்டைகளுக்கும் உரமூட்டைகளுக்கும் நடுவே பல மழைக்காலம் கிடந்ததனால், அதன் தரைத்தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் பூமியே தென்பட்டது. ஆயினும் குலம் பெரிய குலம். இரண்டாம் உலக மகாயுத்தத்திற்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கும் அதிகமாகச் செய்து தள்ளிய ஜீப்பின் நேர் வாரிசு அது. 1947இல் பம்பாயில் பாகம் பாகமாகக் கப்பலில் வந்திறங்கிப் பூட்டப்பட்ட வண்டிகளிலிருந்து தொடங்கிய வம்சம். தங்களுக்கு முன்பிருந்த சர்க்காரே 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, வட்டார வளர்ச்சி அதிகாரிகள் வரப்போரம் வந்திறங்கியது இந்த ஜாதி வாகனத்தில்தான். தாசில்தாரும் வன இலாகா ரேஞ்சரும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் ஜீப்பில் வந்தால்தான் ஜனங்களுக்கும் அவர்கள் மீது நம்பிக்கை பிறந்தது. அத்தகைய குடும்பத்தைப் பதினைந்து வருஷம் தாண்டிய சர்க்கார் வண்டிக்கு மறுபதிவே கிடையாதென்று 2023 ஏப்ரல் 1 முதல் தங்கள் சொந்த வாசலிலிருந்தே இறக்கிவிட்டீர்கள். சொந்தப் பிள்ளைகளை இப்படி நடத்தியவர்களிடம் தத்துப்பிள்ளை நியாயம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தாம்பரவாசிக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எதற்கு, மலையேறப் போகிறாயா என்று தங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் வீட்டுக் கூரை மட்டும் தெரிய மூழ்கடித்ததைக் கண்ட யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி, மூடி, மூடியதை மறந்து மறுபடியும் தோண்டிய எங்கள் குறுக்குத் தெருக்களில் ஐப்பசி மாதத்து இரவொன்றில் வந்து பார்த்தால், பாதையற்ற கரட்டுப் பிரதேசங்களில் ஓடுவதற்கென்றே அமெரிக்க ராணுவத்துக்காக வரைந்த வண்டிக்கு இதைவிடத் தகுந்த பரீட்சைக்களம் இல்லையென்று தாங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஜீர்ணோத்தாரணம் எப்படி நடக்கிறதென்று சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இத்துறையில் புதிதாகப் புகுகிறவர்கள் பெயின்ட்டிலிருந்து தொடங்குவது உலக வழக்கு. துருவின் மேல் பட்டி பார்த்து, பட்டியின் மேல் ராணுவப் பச்சையை அடித்துவிட்டால், ஜீப் எழுந்து ஓடும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். முடிச்சூர் ரோட்டோரம் புங்கமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் என் மெக்கானிக் இதற்கு நேர்மாறான மதத்தைச் சேர்ந்தவர். “மொதல்ல நிக்கணும் சார், அப்புறமா ஓடலாம், அழகு கடைசில தானா வரும்” என்பது அவருடைய உபதேசம். அதன்படி பிரேக்கும் ஸ்டியரிங்கும் முதலில், ஜாயின்ட் கிராஸும் பட்டை ஸ்பிரிங் புஷ்களும் அடுத்து, என்ஜின் அதற்கும் பிறகு, தகரமும் வர்ணமும் பணம் மிஞ்சினால் என்று வேலை வரிசைப்பட்டது. பணம் மிஞ்சவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சாமான் வாங்கப் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். எழும்பூருக்கு அண்டையில், கூவத்தின் கரையோரத்துச் சந்துகளில், கழித்துக் கட்டிய வண்டிகள் கதவு வேறு, கண்ணாடி வேறு, கிரௌன் பினியன் வேறாகப் பிரிந்து கிடக்கும் அந்த க்ஷேத்திரத்தைத் தாங்கள் ஒருமுறை தரிசிக்க வேண்டும். தங்கள் கொள்கைக்குப் பல தலைமுறை முன்பிருந்தே, எந்தச் சான்றிதழும் வழங்காமல், பழைய வண்டியிலிருந்து பிரயோஜனமான ஒரு நட்டைக்கூட வீணாக்காமல் எடுத்து இன்னொரு பழைய வண்டிக்கு உயிர் கொடுக்கும் காரியத்தை அங்கே செய்து வருகிறார்கள். வீல் சிலிண்டர் கேட்ட எனக்குக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். விலை வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டதற்கு, “இது ஒரிஜினல் டூப்ளிகேட்டு சார், அது டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டு” என்று விளக்கம் அளித்தார். பொருள்களின் தராதரத்தை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எடுத்துரைக்கும் அறிவிக்கை எதையும் நான் கெஜட்டில் வாசித்ததில்லை. ஒரிஜினல் டூப்ளிகேட்டையே வாங்கினேன்.

அதைப் பூட்டிய பிறகு, பிரேக் குழாய்களில் ஏர் எடுக்கும் வைபவம் நடந்தது. மெக்கானிக் சக்கரத்துக்குப் பின்னே மல்லாந்து படுத்து, நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய சோடா பாட்டிலில் விட்டிருந்தார். பெடலருகே என் தர்மபத்தினி அமர்ந்திருந்தாள். “அழுத்துங்கம்மா… புடிங்க… புடிச்சுக்கிட்டே இருங்க… விடுங்க” என்ற ஆக்ஞைக்கு ஏற்ப அவள் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் பாட்டிலில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது; தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடித்து, கொப்புளம் நின்று சுத்த ஆயில் மட்டும் வந்தபோது பெடல் பாறைபோல் நின்றது. நான்கு சக்கரமும் ஒரே கணத்தில் பிடித்தன. அந்த வண்டி சாலையில் செல்லத் தகுதியுள்ளதா என்பதற்கு இதைவிடப் பெரிய பிரமாணம் வேண்டுமா என்று அப்போது எனக்குத் தோன்றியது. வேண்டும் என்று பிற்பாடு தெரிந்தது.

வண்டியின் தகுதியை விசாரிப்பதற்கு முன் வண்டி இன்னாரென்று ருசுப்படுத்த வேண்டுமல்லவா? அதற்காக அடிச்சட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும் சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். முப்பது வருஷத்துச் சேறும், மூன்று நிறப் பெயின்ட்டும், அவற்றுக்கடியில் துருவும் படிந்திருந்த அந்த எண்களை மண்ணெண்ணெய்த் துணியாலும் பிறகு எமரித் தாளாலும் துடைத்தோம். துடைக்கத் துடைக்க அழுக்கு போயிற்று. அழுக்கோடு எண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. துடைக்காவிட்டால் வாசிக்க முடியாது; துடைத்தால் வாசிக்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு மூன்றை எட்டென்று சந்தேகிக்க இடமிருப்பதாக அபிப்பிராயப்பட்ட அலுவலகச் சிப்பந்தி ஒருவர், “நம்பர் இன்னும் கொஞ்சம் தெளிவா இருந்தா நல்லா இருக்கும்” என்றார். அவர் மீது குற்றமில்லை. புதிதாக வெட்டினால் அது போர்ஜரி, பழையதை விட்டுவைத்தால் அது மூன்றோ எட்டோ. வெயில் சாய்ந்த நேரத்தில், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, மெல்லிய காகிதத்தில் மிருதுவாகத் தேய்த்ததில் மூன்று மூன்றாகவே விழுந்தது.

இனிக் கட்டண விவகாரம். பதினைந்து வருஷம் முடிந்த சொந்தக் காருக்கும் ஜீப்புக்கும் ஐந்தாண்டுக்கொருமுறை மறுபதிவு. அதற்கு 600 ரூபாய் என்றிருந்ததை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினீர்கள். 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டியதென்றால் 10,000 என்றீர்கள். விண்ணப்பிக்கத் தாமதமானால் மாதத்துக்கு 500 கூடுதல். மாநில சர்க்காரின் பசுமை வரி தனி. தாங்கள் யாரையும் பலவந்தப்படுத்துவதில்லை என்பதை நான் மறைக்க மாட்டேன். தகுதியுள்ள வண்டியை வயதைக் காட்டி மட்டும் நாடெங்கும் தடுத்துவிட்டதாகத் தங்கள் மீது யாரும் பழி சொல்ல முடியாது. உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் புது வண்டியின் விலையில் நூற்றுக்கு நாலு முதல் ஆறு பங்கு வரை கிடைக்குமென்று ஆசையும் காட்டுகிறீர்கள். இருந்துகொள், ஆனால் இருப்பதற்கு வாடகை கொடு என்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் ஐம்பது வயதாகிவிட்டால் வாடகையின் போக்கே மாறிவிடுகிறது. விண்டேஜ் பதிவுக்கு முதலில் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும்; அதன் பின் மறுபதிவுக்கு 5,000 மட்டுமே. ஆக, மறுபதிவென்று பார்த்தால், கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அரிசிமூட்டையையும் சுமக்கும் முப்பது வயது ஜீப்புக்கு வருஷம் இரண்டாயிரம், கண்காட்சிப் பந்தலில் மெழுகு பூசி நிற்கும் ஐம்பது வயது சீமாட்டிக்கு வருஷம் ஐந்நூறு. என் வண்டி 2043இல் அந்தப் பதவியை எட்டும். அதுவரை இன்றைய விகிதப்படி மூன்று தவணையில் முப்பதாயிரம் கட்டியாக வேண்டும். எட்டிய பிறகோ, கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார்களின் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அது வெளியே வரலாம். எரிபொருள் நிரப்பிக்கொண்டு வரலாம், ஆனால் நிரப்பியதைச் செலவழிக்க அணிவகுப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் நுட்பத்தை வியக்கிறேன்.

அந்தப் பதவிக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அடிச்சட்டம், உடல், என்ஜின் இவற்றில் பெரும் மாறுதல் செய்யாமல், பிறந்த மேனியாகவே வண்டி இருக்க வேண்டும். இதை என் மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். பியூஜோ என்ஜினுக்குப் பம்ப்பும் நாசிலும் கிடைப்பது வரவர அருமையாகிறது. பேசாமல் பிற்கால பொலிரோவின் டி.ஐ. என்ஜினை இறக்கிவிடலாம், பாதிச் செலவு, இரட்டிப்பு இழுவை என்பது அவருடைய நெடுநாளைய யோசனை. அதைக் கேட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி முன் அனுமதிக்கு அலைய வேண்டும், விண்டேஜ் கனவும் போயிற்று. கேட்காவிட்டால் உதிரி பாகமில்லாமல் வண்டி ஐம்பதை எட்டாது. வில்லிஸ் காலத்துப் பெட்ரோல் ஜீப்புகள் பலவும் இன்று வரை பிழைத்திருப்பதற்குக் காரணமே, பெட்ரோல் விலைக்குப் பயந்து யாரோ எப்போதோ அவற்றில் டீசல் என்ஜினை இறக்கியதுதான். பிழைக்க வைத்த சிகிச்சையே பட்டத்துக்குத் தடை என்பது வைத்தியசாஸ்திரத்தில் புதிய அத்தியாயம்.

புகையைப் பற்றிய தங்கள் கவலை நியாயமானது, தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் குடியிருக்கும் எவனும் அதை மறுக்கத் துணியமாட்டான். ஆனால் புகையை அளக்கத் தங்களிடமே கருவி இருக்கிறது. பழைய டீசல் வண்டியின் புகை 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. அந்தக் கருவி குழாயில் வருவதைப் பார்க்கிறதே தவிர ஜாதகத்தைக் கேட்பதில்லை. பம்ப்பைச் சீர்செய்து, ரிங் மாற்றிய பழைய ஜீப் அந்தப் பரீட்சையில் தேறுவதும், நேற்று வந்த லாரி கன்னங்கரேலென்று கக்கிக்கொண்டு அதை முந்திச் செல்வதும் எங்கள் மேம்பாலத்தடியில் அன்றாடக் காட்சி.

ஆகவே அடியேன் வேண்டுவது அதிகமில்லை. பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் ஆடுகிறதா, புகை எவ்வளவு என்று கடுமையாகவே சோதியுங்கள்; தேறாததைச் சாலையிலிருந்து எடுத்துவிடுங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன். தேறியதற்கு, வயதைக் காரணம் காட்டி மட்டும் கட்டணத்தை இரட்டிப்பாக்காதீர்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே, வருஷத்தில் இத்தனை கிலோமீட்டருக்குள் ஓடும் சொந்த வண்டிகளுக்கென்று ஒரு நடுத்தர வகுப்பை உண்டாக்குங்கள். தொழிற்சாலை கைவிட்ட என்ஜினுக்குப் பதில் அதே கம்பெனியின் பிற்கால என்ஜினைப் பூட்டுவதை மகா பாதகமாகக் கருதாமல், பட்டியலிட்டு அனுமதியுங்கள். புதுப்பேட்டைக்காரர்களைத் தங்கள் உடைப்பு நிலையங்களுக்கு ஆலோசகர்களாக வைத்துக்கொள்வது பற்றியும் யோசிக்கலாம். சம்பளம் கேட்பார்கள், ஆனால் எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்டு என்று உள்ளபடி சொல்லிவிடுவார்கள்.

என் வண்டியின் பதிவுச் சான்றிதழ் 2028 ஜனவரியில் காலாவதியாகிறது. அதற்கு முந்தைய அறுபது நாட்களுக்குள் மட்டுமே படிவம் 25ஐக் கொடுக்கலாமென்று விதித்திருக்கிறீர்கள். ஆகையால் தங்கள் மேலான பதில் 2027 நவம்பருக்குள் கிடைத்தால் உபகாரமாயிருக்கும். தாமதமானாலும் பாதகமில்லை; மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய் வசூலிக்கும் வழக்கம் என்னிடத்தில் கிடையாது.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஜீப் சொந்தக்காரன்,
கிழக்குத் தாம்பரம்.