பத்து நிமிஷம் முந்திய மாமா

என் மாமா பெங்களூர் கலாசிபாளையத்தில் இரும்புக் குழாய் விற்கிறார். கடன் கேட்டு யார் போன் செய்தாலும் அவர் பார்ப்பது குரலை மட்டும்தான். "ஓசூர்க்காரரா? குரல் ஏன் கம்முது, சளியா? சரி, நாற்பது லென்த் ஏத்தி விடறேன்." முப்பது வருஷமாக அவர் கடையில் அடையாளச் சோதனை என்றால் இவ்வளவுதான். பாக்கி நின்றதும் அபூர்வம்.

2020 அக்டோபரில் ஜி.எஸ்.டி.யில் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு தளத்தில் பதிவு செய்யும் முறை) வந்தபோது, அது வருஷத்துக்கு 500 கோடிக்கு மேல் புரளுகிற பெரிய கைகளுக்கு. செய்தியைப் படித்து மாமா சிரித்தார். பிறகு அது 100, 50, 20, 10 என்று படி இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியில் வந்து நின்றது. அதாவது, மாமா கடை வாசலில். சிரிப்பு நின்றது.

கொஞ்ச காலம் ஆடிட்டர் ஆபீஸ் பையன் பில் ஏற்றிக் கொடுத்தான். அவன் வேலை மாறியதும் மாமா என்னைக் கூப்பிட்டார். "நீ ஐ.டி.யிலதானே இருக்கே மாப்ளே? போன்லயே பில் போடற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு."

இந்த ஊரில் எங்கே கல்லெறிந்தாலும் ஒரு ஐ.டி.க்காரன் மேல்தான் விழும். மாமா எறிந்தது என் மேல் விழுந்தது.

பில் போடும் ஆப்பை இரண்டு வாரத்தில் எழுதிவிட்டேன். "இது நல்ல வீட்டுப் பிள்ளை, உள்ளே விடுங்கள்" என்று அரசின் சர்வரிடம் அதற்குச் சிபாரிசு வாங்குவதில்தான் மாதம் ஓடியது. இடையில் நிற்கும் சேவை நிறுவனம் தருகிற அடையாள எண், அதன் ரகசிய எண், மாமா பெயரில் ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்டு. இந்த நான்கும் போதாது. ஆப் தானே 32 பைட் நீளத்தில் ஒரு சாவி செய்து, அரசு கொடுத்திருக்கும் பூட்டில் வைத்துப் பூட்டி அனுப்ப வேண்டும். கோயில் உண்டியல் மாதிரி: யார் வேண்டுமானாலும் போடலாம், திறப்பது அதிகாரி மட்டும்.

சோதனைச் சர்வரில் முதல் முயற்சிக்கு நல்ல வார்த்தையாக இருக்கட்டுமே என்று 'முருகா வேலா' என்பதைச் சாவியாக வைத்தேன். மறுப்பு வந்தது. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ம ஒன்று, அதன் மேல் ஏறும் உகரம் இன்னொன்று. எண்ணிப் பார்த்தால், நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து 31. ஒன்று குறைகிறது. கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போட்டேன். 'முருகா வேலா!' கதவு திறந்தது. பக்தியில் சந்தேகம் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். (நிஜக் கடைக்குப் போனபோது சாவியைக் கம்ப்யூட்டரே கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிப் போட்டுவிட்டது. ஊர் தெரிந்த சாவி சாவி இல்லை.)

உள்ளே போனால் ஒரு டோக்கன் தருவார்கள். ஆயுள் ஆறு மணி நேரம்.

"அப்புறம்?"

"திரும்பவும் போய்க் கேட்கணும் மாமா."

"அட, வாடகை சைக்கிள்!" என்றார். அதற்குமேல் நான் விளக்கவில்லை. பில்லுக்கு 64 எழுத்தில் அரசு ஓர் எண் தரும் என்றபோதுதான் கொஞ்சம் கோபப்பட்டார். "127-ன்னு நான் போட்ட நம்பருக்கு என்ன குறை?"

ஆனால் இதெல்லாம் பின்னால். அந்த யூசரை உண்டாக்க முதலில் மாமாவின் கணக்கில் அரசு தளத்துக்குள் நுழைய வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து ஐந்து கோடிக்காரர்களுக்கும் அங்கே பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஓ.டி.பி.யும் வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். மாமாவோ நாள் முழுக்கக் குழாய் அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறார். அத்தனை இரும்பைத் தாண்டி எஸ்.எம்.எஸ். நேரத்துக்கு வந்து சேராது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: ஜி.எஸ்.டி. ஷீல்டு என்று ஓர் ஆப். இன்டர்நெட் இல்லாமலே ஓ.டி.பி. காட்டும், முப்பது விநாடிக்கு ஒன்று மாறும். மாமாவைத் தெருவுக்கு அழைத்து வந்து அவர் போனில் அதை ஏற்றிவிட்டு, நான் வீட்டுக்கு வந்து லேப்டாப் முன் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க மாமா."

"இரு, கண்ணாடி எங்கே... ஐது, எரடு... அடடா, மாறிடுச்சு."

மாமா கணக்கு எண்ணுவது கன்னடத்தில். மூன்றுக்கு அவர் சொல்லும் 'மூறு' லாரி இரைச்சலில் எனக்கு 'ஆறு' என்று கேட்டது. அதைத் திருத்திக்கொண்டேன். அப்போதும் தவறு. வேகத்தைக் கூட்டினோம், தவறு. எட்டாவது தடவை மாமா அரசாங்கத்தை விட்டுவிட்டு என் படிப்பைச் சந்தேகிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் நேரிலேயே போனேன். கல்லாவுக்கு மேல் சுவர்க் கடிகாரம் 11:20. என் போனில் 11:10. மாமா போனிலும் 11:20.

"அது அப்படித்தான் மாப்ளே. பத்து நிமிஷம் முன்னால வச்சாத்தான் பேங்குக்கு நேரத்துக்குப் போக முடியுது."

அந்த ஓ.டி.பி. கடிகாரத்தைப் பார்த்துப் பிறப்பது. மாமா போனில் மணி தவறினால் எண்ணும் தவறும். ஒரு நாள் முழுக்க நாங்கள் அரசுக்குப் பத்து நிமிஷம் கழித்துச் செல்லப்போகிற எண்களைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அங்கே நிகழ்காலத்தில் உட்கார்ந்திருக்கும் சர்வர் என்ன செய்யும், பாவம்? அதன் மேல் குற்றமே இல்லை. இதில் எனக்கு ஊர்ப் பாசமும் உண்டு. அந்தச் சர்வரின் அண்ணன் மாதிரியான, லாரிச் சரக்குக்கான இ-வே பில் ஏற்பாட்டைச் செய்தது இதே பெங்களூரில் இருக்கும் தேசியத் தகவல் மையம் (என்.ஐ.சி.); 2017 செப்டம்பரில் முதலில் நடைமுறைக்கு வந்ததும் கர்நாடகத்தில்தான். அதற்கும் முன்பு, ஜி.எஸ்.டி.க்கு முந்திய வாட் வரிக் காலத்தில், 'இ-சுகம்' என்று ஒன்று இருந்தது. பெயரிலாவது சுகம் இருந்ததே என்று மாமா இன்றும் சொல்வார்.

"போன் டைமைச் சரி பண்ணிடலாமா?"

மாமா என்னைப் பார்த்த பார்வையில், அவருக்கும் மாமிக்கும் கல்யாணம் ஆன காலத்திலிருந்து அந்தப் பத்து நிமிஷம் அந்தக் குடும்பத்தில் இருக்கிறது என்பது புரிந்தது. பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி இன்னொரு போன் வாங்கினார். ஷீல்டு அதில் ஏறியது. முதல் எண்ணே ஒத்துக்கொண்டது.

இப்போது கல்லாவில் இரண்டு போன்கள் இருக்கின்றன. ஒன்று கடை டைம், இன்னொன்று கவர்மென்ட் டைம். போன ஞாயிற்றுக்கிழமை மாமா கூப்பிட்டார். "ஒரு மணிக்குச் சாப்பிட வந்துடு மாப்ளே."

"எந்த ஒரு மணி, மாமா?"