விசேஷம் உண்டா?

பிரிஸ்பேனில் ஞாயிறு காலை பதினொன்றரை மணி என்றால் பாளையங்கோட்டையில் ஏழு மணி. அம்மா காப்பி குடித்து, பேப்பரில் எனக்கும் சேர்த்து ராசிபலன் பார்த்து முடித்திருப்பாள். போன் வரும். “சாப்ட்டியாய்யா?” என்பது முதல் கேள்வி. இரண்டாவது, “விசேஷம் உண்டா?”

எங்கள் ஊரில் இந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கல்யாணமான முதல் மூன்று வருஷம் அதற்கு ஒரே அர்த்தம்தான். மகள் பிறந்ததும் அது காலாவதியானது. பிறகு ஒருநாள், கதை எழுதுகிறேன் என்று வாய்தவறிச் சொல்லித் தொலைத்தேன். விசேஷம் புது அர்த்தத்தோடு திரும்பி வந்துவிட்டது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்கு இல்லாத அவசரம் தெருவுக்கே இருக்கும்.

நான் இங்கே ஆங்கிலத்தில் விண்வெளிக் கதையும் மாயக் கதையும், மழைக்காலத்தில் கொஞ்சம் பேய்க் கதையும் எழுதுகிறவன். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு ‘ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்’ என்கிறார்கள். இந்த நாட்டில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிழைப்பது கஷ்டம். குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். “ஸ்பெகுலேட்டிவ்...” என்று ஆரம்பித்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நானும்தான்! நீங்க எந்த ஏரியா?” ஆஸ்திரேலியாவில் ஸ்பெகுலேஷன் என்றால் மனை, வீடு, ஃபிளாட். அவருக்கு மூன்று இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னேன்: செவ்வாய்க் கிரகம். இடுக்கியால் ஒரு சாசேஜைப் புரட்டியபடி யோசித்தார். “கொஞ்சம் தள்ளிப் போயிட்டீங்க. ஆனா பத்து வருஷத்துல ஏறிடும்.”

வாரத்தில் நாலு நாள் தண்ணீர்ப் பம்புகளுக்குக் கையேடு எழுதுகிறேன். சோறு அதில்தான் வருகிறது. வேலையை விட்டுவிடலாமா என்று ஒருமுறை மாமாவிடம் கேட்டேன். “சுஜாதாவே ரிட்டயர் ஆகுத வரைக்கும் பெங்களூர்ல பி.இ.எல்.லதான் கெடந்தாரு. நீ அவர விட எழுதிக் கிழிச்சிட்டியோ?” என்றார். பேச்சு அங்கே முடிந்தது. மாமா சொன்னதற்கு இங்கே புள்ளிவிவரமும் இருக்கிறது. மக்குவாரி பல்கலைக்கழகம் 2022-ல் எழுத்தாளர்களிடம் எடுத்த கணக்கின்படி, எழுத்து மூலம் வரும் சராசரி ஆண்டு வருமானம் 18,200 டாலர். அந்தச் சராசரி மேலே பறந்துவிடாமல் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருவன். என் எழுத்தில் அதிகம் பேர் படித்தது, ‘மோட்டார் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்’ என்ற வாக்கியம். அதற்கு எதிர்வினைகூட வந்தது. ஒருவர் திறந்துவிட்டார்.

ஆனால் வருமான வரித்துறைக்கு நம்மேல் ஒரு மரியாதை உண்டு. வரிச் சட்டத்தில் ‘சிறப்புத் தொழிலர்’ என்று ஒரு வகை இருக்கிறது. ஒரு வருஷம் கொட்டி அடுத்த வருஷம் வற்றும் வருமானக்காரர்களுக்காக, நல்ல வருஷத்துக்கும் பஞ்ச வருஷத்துக்கும் சராசரி போட்டு வரி வாங்கும் ஏற்பாடு. எழுத்தாளர், கண்டுபிடிப்பாளர், நடிகர், விளையாட்டு வீரர் எல்லாரும் அதில் ஒரே வரிசை. அதாவது நானும் ஆஸ்திரேலிய கிரிக்கெட் கேப்டனும் ஒரே சாதி. இதை அம்மாவிடம் சொன்னபோது முதல்முறையாக அவள் குரலில் பெருமை தெரிந்தது. உள்ளே நுழைய ஒரு வருஷமாவது எழுத்தில் செலவெல்லாம் கழித்து 2,500 டாலருக்கு மேல் சம்பாதித்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. கேப்டன் உள்ளே இருக்கிறார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்காலத்தைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட நல்ல நாடு கிடையாது. நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம். நியூயார்க்கில் குளிர்காலமாக இருக்கும்போது பிரிஸ்பேன் 15 மணி நேரம் முன்னால். அமெரிக்க இதழ் ஒன்று ஜனவரி 31 நள்ளிரவோடு கதை வாங்குவதை நிறுத்துகிறது என்றால், எனக்குப் பிப்ரவரி 1 மதியம் மூன்று மணி வரைக்கும் கடைசி நாள் முடிவதில்லை. என் வாழ்க்கையில் நான் அனுபவிக்கும் ஒரே சலுகை இது. மற்றபடி எல்லாம் எதிர்மாறு. அங்கே ஆசிரியர் மதியச் சாப்பாட்டை முடித்து, ஏப்பம் விட்டு, ‘உங்கள் கதையை வாசிக்க வாய்ப்பளித்ததற்கு நன்றி’ என்று தட்டும்போது எனக்கு விடிகாலை நாலு மணி. தலைமாட்டில் போன் உறுமும். பாதித் தூக்கத்தில் நன்றி என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டு, மனைவியை எழுப்பிவிட்டு, அடுத்த வரியைப் படித்து, அவளைத் திரும்பத் தூங்கச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அல்ல. இப்போதெல்லாம் அவள் கண்ணைத் திறக்காமலே, “நன்றிக்கு அப்புறம் ‘ஆனால்’ இருக்கா பாருங்க” என்கிறாள்.

நல்ல சேதி மட்டும் பொறுமையாக வரும். 1957-ல் வெளிவந்த நெவில் ஷூட்டின் ‘ஆன் த பீச்’ நாவலில், அணுப்போருக்குப் பின் உலகத்தின் அழிவே வடக்கிலிருந்து மெல்லப் புறப்பட்டு, கடைசியில்தான் மெல்போர்ன் பக்கம் வருகிறது. வடக்கிலிருந்து வரவேண்டிய காசோலைகளும் அதே வண்டியைத்தான் பிடிக்கின்றன. அமெரிக்க அறிவியல் கதை எழுத்தாளர் சங்கம் தொழில்முறைக் கூலி என்று ஒத்துக்கொள்வது வார்த்தைக்கு எட்டு சென்ட். நாலாயிரம் வார்த்தைக்கு 320 டாலர். இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து என் கதாநாயகர்கள் நிறையப் பெயரடைகளோடு நடமாட ஆரம்பித்தார்கள்.

நேர வித்தியாசம் பற்றிச் சொன்னேனே, அதில் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் குவீன்ஸ்லாந்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் வழக்கம் இல்லை. 1992-ல் ஓட்டெடுப்பு வைத்து, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திரைச்சீலை வெளுத்துவிடும், மாடுகள் குழம்பிவிடும் என்று அப்போது மக்கள் பயந்ததாக மற்ற மாநிலத்தார் இன்றைக்கும் கிண்டலடிக்கிறார்கள். பக்கத்து நியூ சவுத் வேல்ஸ் கடிகாரத்தைத் தள்ளிவைக்கிறது. ஆகவே கோடையில், எங்கள் பக்கத்துக் கூலங்காட்டாவுக்கும் அவர்கள் பக்கத்து ட்வீட் ஹெட்ஸுக்கும் நடுவே ஓடும் பவுண்டரி ஸ்ட்ரீட் என்ற சாதாரணத் தெருவைக் குறுக்கே கடந்தால் ஒரு மணி நேரம் மாறிவிடும். போன டிசம்பர் 31 இரவு குடும்பத்தோடு போயிருந்தோம். அந்தப் பக்கம் பன்னிரண்டு அடித்தது. கைதட்டினோம். ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, போன வருஷத்திலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டு, மறுபடியும் ஒரு புத்தாண்டுக்குக் கைதட்டினோம். ஒன்பது வயது மகள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“அப்பா, டைம் மெஷின்னா இதானா?”

“ஆமா.”

“வெறும் ரோடுதானே இருக்கு. இதுக்கு நீ ஏன் நானூறு பக்கம் எழுதுன?”

அந்த நாவல் இன்னும் என் கணினியிலேயே இருக்கிறது. இந்தக் கண்டம் முழுதும் வருஷத்துக்கு 7 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது என்று நிலவியல்காரர்கள் சொல்கிறார்கள். நாவலைவிட அது வேகம்.

எங்கள் தொழிலில் ‘நம்பும்படி இல்லை’ என்பதைவிடக் கடுமையான வசவு கிடையாது. ஒரு தூரக் கிரகத்தைப் பற்றிக் கதை எழுதினேன். அதன் தலைவர் ஒருநாள் கடலில் நீந்தப் போகிறார். திரும்பி வரவில்லை. உடலும் அகப்படவில்லை. துயரம் தாங்காத மக்கள் அவர் நினைவாக ஒரு நீச்சல் குளத்துக்குப் பெயர் வைக்கிறார்கள். வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் திருப்பி அனுப்பினார். மூன்று தலை உள்ள கணக்குப்பிள்ளை உயிரோட்டமாக இருக்கிறானாம். ஆனால் அந்த நீச்சல் குளம் இடிக்கிறது, எந்தச் சமூகமும் இப்படி நடந்துகொள்ளாது என்று எழுதியிருந்தார். ஐயா, கணக்குப்பிள்ளைதான் கற்பனை. மற்றது வரலாறு. ஆஸ்திரேலியப் பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட் 1967 டிசம்பர் 17 அன்று விக்டோரியா மாநிலத்தில் செவியட் கடற்கரையில் நீந்தப் போனவர், போனவர்தான். மெல்போர்னில் அவர் பெயரில் நீச்சல் குளம் இன்றைக்கும் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு குழந்தைகளை இறக்கிவிடுகிறார்கள். இதை விளக்கிப் பதில் எழுதலாமா என்று யோசித்தேன். ஆசிரியருக்குப் பதில் எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதனால் மனைவியிடம் விளக்கினேன். அவளும் நம்பவில்லை.

விருது விஷயத்தில் எங்களுக்குக் குறையில்லை. 1969-லிருந்து டிட்மார் விருது, 1995-லிருந்து ஆரியாலிஸ் விருது. டிட்மார் ஏதோ கிரேக்க தெய்வம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். விருது தொடங்கிய காலத்தில் கையிலிருந்து பணம் போட்ட மெல்போர்ன் ரசிகர் ஒருவரின் நடுப்பெயர் அது. ஆளைப் பாராட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. நான் வந்தது இரண்டிலும் அல்ல, இவற்றைவிடச் சின்ன ஒன்றின் குறும்பட்டியலில். அன்றைக்கு அம்மாவை நானே கூப்பிட்டேன்.

“செயிச்சிட்டியாய்யா?”

“இல்லம்மா. லிஸ்ட்ல பேரு வந்திருக்கு.”

“வெயிட்டிங் லிஸ்டா?”

“அப்படியும் சொல்லலாம்.”

“ஆர்.ஏ.சி.யாவது ஆகுமா?”

ஆகவில்லை. விழாவுக்கு விமான டிக்கெட், ஓட்டல், இரவு விருந்துக்குக் கட்டணம் எல்லாம் கட்டிப் போய், வென்றவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கோழி சாப்பிட்டுவிட்டு வந்தேன். கோழி நன்றாக இருந்தது.

வேறொரு நாவலுக்குப் பதிப்பகம் என் புகைப்படம் கேட்டபோது, பெர்த் நகரத்து அறிவியல் கதை எழுத்தாளர் கிரெக் ஈகன் வழியில் தர மறுத்துப் பார்த்தேன். ஈகன் மாநாடுகளுக்கு வரமாட்டார், புத்தகத்தில் கையெழுத்துப் போடமாட்டார். இணையத்தில் தன் படம் ஒன்றுகூட இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1999-ல் உலக அறிவியல் கதை மாநாடு மெல்போர்னுக்கே வந்து, அவருடைய ‘ஓஷியானிக்’ குறுநாவலுக்கு ஹ்யூகோ விருதும் கொடுத்தது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பதிப்பகத்துப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவர் மறைஞ்சிருக்கார்னா தேடறதுக்கு ஆள் இருக்கு” என்றார். மறுநாள் படம் அனுப்பினேன்.

நடுவில் ஒரு ஞாயிறு, அம்மா வேறு சேதியோடு வந்தாள். “கம்ப்யூட்டரே கதை எழுதுதாமே? பேப்பர்ல போட்டிருக்கான். நீ எதுக்குய்யா கெடந்து கஷ்டப்படுத?” நான் விளக்கினேன். அமெரிக்காவில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற இதழ் 2023 பிப்ரவரியில், இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால், சில வாரம் கதவையே சாத்திவைத்தது. இயந்திரங்கள் மனிதனை ஒருநாள் தாக்கும் என்று எத்தனையோ காலமாக எழுதிவருகிறோம். முதல் அடி எங்கள் தபால் பெட்டியில்தான் விழும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“அப்போ அந்த மிஷின் எழுதுனதையும் திருப்பி அனுப்பிட்டாங்களா?”

“ஆமாம்மா.”

“பாவம்” என்றாள்.

கடைசியாக நூலகப் பணம். இதைச் சொல்லவேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். நூலகத்தில் புத்தகம் இருந்தால் வாசகன் காசு கொடுத்து வாங்கமாட்டான், எழுத்தாளனுக்கு நஷ்டம், ஆகவே அரசாங்கம் வருஷம் ஒருமுறை ஈடு கொடுக்கும். நாடு முழுக்க உள்ள பொது நூலகங்களில் குறைந்தது 50 பிரதி இருக்கும் என்று மதிப்பிட்டால்தான் உண்டு. இந்த ஐம்பது என் குடும்ப வாழ்க்கையைக் கெடுத்தது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நூலகம். மற்றவர்கள் பண்டாபர்க் போனால் ஆமை முட்டையிடுவதைப் பார்ப்பார்கள். நான் அடுக்குகளுக்கு நடுவே குனிந்து தேடிக்கொண்டிருப்பேன். ஒரு சிற்றூரில் என் புத்தகம் தோட்டக்கலைப் பிரிவில் இருந்தது. யூகலிப்டஸ் மரங்கள் பேசும் நாவல், அட்டையிலும் மரம். எடுத்துச் சரியான அடுக்கில் வைக்கப் போனேன். பிறகு பின்னட்டை உள்ளே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். ஆறு பேர் எடுத்துப் போயிருந்தார்கள். அங்கேயே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த உர நூலைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

இந்த ஜூன் மாதம் வங்கிக் கணக்கில் பணம் வந்து விழுந்தது. மூன்று பேர் போய் மசால் தோசை சாப்பிட்டு, மிச்சத்தில் இரண்டு பாக்கெட் இட்லி அரிசி வாங்கலாம். ஞாயிறு பதினொன்றரைக்கு நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

“சாப்ட்டியாய்யா?”

“அம்மா, விசேஷம் உண்டு.”

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா எதையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

“கவர்மெண்டு எனக்குப் பணம் அனுப்பியிருக்கும்மா. நாடு முழுக்க லைப்ரரில என் புஸ்தகம் அம்பதுக்கு மேல இருக்காம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அம்பதுமா விக்கல?”

நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா விடவில்லை.

“போகட்டும்யா. பணம் குடுத்துட்டாம்லா? திருப்பிக் கேக்கதுக்குள்ள செலவழிச்சிரு.”