மன்னிக்கத் தெரிந்த சட்டம்

நம் நாட்டுச் சட்டங்களில் ஈர நெஞ்சம் உள்ளது எது என்று கேட்டால், 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தைத்தான் கை காட்டுவேன். சிவில் வழக்கில் தோற்றுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவரை உட்காரவைத்து, நாள் எண்ணிக் கொடுக்கிற சட்டம் அது. முன்சீப் கோர்ட்டில் தோற்று சப் கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள். மாவட்ட நீதிமன்றத்தில் தோற்று உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். இதற்கு முந்தைய 1908-ஆம் வருடச் சட்டத்திலும் இதே முப்பதும் தொண்ணூறும்தான். வீட்டில் உட்கார்ந்தபடி கணினியில் மனு தாக்கல் செய்கிற காலம் வந்தும் கணக்கு மாறவில்லை. மரபைப் போற்ற இவ்வளவு அக்கறை கோயில் நிர்வாகங்களுக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகம்.

நாள் எண்ணுவதிலும் என்ன பெருந்தன்மை! தீர்ப்பு சொன்ன நாளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தீர்ப்பாணையின் நகல் கேட்டு மனு போட்டால், நகல் தயாராகிற வரைக்கும் ஆகிற நாட்களையும் கழித்துவிடுவார்கள். மனு போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று அந்த நகலிலேயே தேதிகள் வரிசையாக இருக்கும். அதை வைத்துத்தான் வக்கீல் குமாஸ்தா விரல் விட்டு எண்ணுவார். கடைசி நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால், திறக்கிற அன்று போட்டால் போதும்.

ஒரே ஒரு சின்ன நயம் இருக்கிறது. தீர்ப்புச் சொன்னதும் தீர்ப்பாணை பிறந்துவிடாது. அதைத் தனியாக எழுதித் தயாரிக்க வேண்டும். 'அது தயாராகட்டும், அப்புறம் நகல் கேட்போம்' என்று மரியாதையாகக் காத்திருந்தீர்கள் என்றால், அந்த நாட்கள் உங்கள் கணக்கில்தான் கழியும். 12-ஆவது பிரிவின் விளக்கம் அப்படித்தான் சொல்கிறது. இன்னும் எழுதப்படாத ஒன்றுக்கு நகல் கேட்டு முன்கூட்டியே மனு போட்டவருக்கு அந்த நாட்கள் கழிவு, பொறுமைசாலிக்கு இல்லை. பொறுமை கடலினும் பெரிது என்று பள்ளியில் படித்தவர்களைச் சட்டம் இப்படித்தான் அன்போடு திருத்துகிறது.

இதைவிட மெச்ச வேண்டியது மூன்றாவது பிரிவு. கெடு தாண்டி வந்த அப்பீலை, எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும். எவ்வளவு கறார்! இந்தக் கறாரைக் கண்டு யாரும் பயந்துவிடக் கூடாதே என்றுதான் இரண்டு பிரிவு தள்ளி, போதிய காரணம் காட்டினால் மன்னிக்கலாம் என்று ஐந்தாவது பிரிவை வைத்தார்கள்.

அந்த ஐந்தாவது பிரிவு தமிழ்நாட்டு மருத்துவத்துக்குச் செய்த சேவையை யாரும் இதுவரை பாராட்டியதில்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரும் பிரமாணப் பத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். மனுதாரருக்கு மஞ்சள் காமாலை. நாட்டு வைத்தியம் பார்த்தார், ஆகவே டாக்டர் சீட்டு இல்லை. பத்தியம், ஆகவே வக்கீலைப் பார்க்க வர முடியவில்லை. தாமதம் வேண்டுமென்றோ உள்நோக்கத்தோடோ ஏற்பட்டதல்ல. கெடு முடிகிற வாரத்தில் வந்து, மனு தயாராகிற அன்று குணமாகிற நோய் உலகில் வேறு எங்கும் இல்லை.

அரசாங்கத்துக்குக் காமாலை வராது. அதற்குக் கோப்பு இருக்கிறது. கோப்பு கருத்துரைக்காகப் போனது, கருத்துரை வந்தது, மேலதிகாரி மாற்றலானார், புதியவர் விளக்கம் கேட்டார், விளக்கம் சென்றது. 1987-இல் அனந்தநாக் நில எடுப்பு வழக்கில், குறிப்பெழுதிக் கோப்பு தள்ளுகிற அரசு இயந்திரத்தின் தாமதத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஒப்புக்கொள்வதுதான் கடினம் என்கிற பொருளில் உச்ச நீதிமன்றம் எழுதியது. அங்கே மன்னிக்கப்பட்டது வெறும் நான்கு நாள். அலுவலகங்கள் முதல் பாதியை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொண்டன.

பிறகு வந்த சாதனைகளைப் பாருங்கள். ஊரார் கடிதத்தையெல்லாம் நேரத்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்ற தபால் துறை, தன்னுடைய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றத்தில் கொண்டு சேர்க்க 427 நாள் தாமதமாக வந்தது. 2012-இல் நீதிபதிகள் ரசனையே இல்லாமல் அதை நிராகரித்தார்கள். மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக வந்தது. தள்ளுபடி ஆகட்டும் என்றே சிலர் இப்படி வருகிறார்கள், 'உச்ச நீதிமன்றமே கைவிரித்துவிட்டது' என்று சான்றிதழ்போலக் கோப்பில் சேர்த்துத் தாமதித்த அதிகாரியைக் காப்பாற்றத்தான் என்று நீதிபதிகள் 2020-இல் கண்டு சொன்னார்கள். 25,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்து, பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னார்கள். தோற்பதற்காகவே தலைநகர் வரை வழக்கு நடத்துகிற தியாகம் தனியாருக்கு வருமா?

கர்நாடக வீட்டுவசதி வாரியத்தின் முன்னால் இவர்கள் எல்லோரும் சிறுபிள்ளைகள். 3,966 நாள். பதினொரு வருடத்துக்குச் சற்றே குறைவு. தீர்ப்பு வந்த அன்று பிறந்த குழந்தை ஆறாம் வகுப்பை எட்டியிருக்கும். அதையும் உயர் நீதிமன்றம் மன்னித்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த மன்னிப்பை ரத்து செய்ததில் எனக்கு வருத்தம் உண்டு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நாலாயிரம் என்று முழு எண்ணாகியிருக்கும்.

மன்னிப்பு மனுவும் சும்மா நகர்வதில்லை. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் போவதற்குள் அவர் காலமாகிவிட்டால் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். கோர்ட் கட்டணம் குறைவு, வக்காலத்தில் ஒரு கையெழுத்து இல்லை என்று காகிதம் ரிட்டர்ன் ஆகும். அதைத் திருப்பித் தாக்கல் செய்யக் கொடுத்த நாளும் தாண்டிப்போனால், அந்தத் தாமதத்தை மன்னிக்க ஒரு தனி மனு. முப்பது நாளைத் தாண்டியது ஏன் என்று தெரிந்துகொள்ள மூன்று வருடம் வாய்தா போடுகிற பக்குவம் வேறு யாருக்கு வரும்? இவ்வளவும் நடக்கையில் அப்பீலுக்கு இன்னும் நம்பரே ஆகியிருக்காது.

இதில் வென்றவர் கதை என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அவருக்குத்தான் அதிக லாபம். தீர்ப்பு கையில் இருக்கிறது. வங்கியில் காட்டினால் 'அப்பீல் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்' என்பார்கள், நிலம் வாங்க வந்தவர் 'எல்லாம் முடியட்டும்' என்பார். நிலையாமையை இவ்வளவு சிக்கனமாகக் கற்றுக்கொடுக்க எந்த மடத்தாலும் முடியாது.

அவருக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். நிலத்தை மீட்கவோ பணத்தை வசூலிக்கவோ தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்க 12 வருடம். தாராளம்தான். ஆனால் பதின்மூன்றாவது வருடம் வந்து, உடம்பு சரியில்லை, கோப்பு தொலைந்துவிட்டது என்று கையைப் பிசைந்தால் பயனில்லை. ஐந்தாவது பிரிவின் மன்னிப்பு நிறைவேற்று மனுக்களுக்குக் கிடையாது என்று அந்தப் பிரிவிலேயே தெளிவாக இருக்கிறது. ஜெயித்தவர்களுக்கு மஞ்சள் காமாலை வராது என்பதை நாடாளுமன்றம் 1963-லேயே கண்டுபிடித்துவிட்டது.