தண்ணி மேல கோலம்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை செல்போனிலிருந்து பிரிக்க எதையாவது சொல்லிக்கொடு என்று வீட்டில் உத்தரவு. மார்பிள் பேப்பர் என்று முடிவெடுத்தேன். பழைய பைண்டிங் புத்தகங்களின் உள்அட்டையில் அலையலையாக ஒட்டியிருக்குமே, அது. பாண்டிச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலையில் அழகாகச் செய்வார்கள். 17ஆம் நூற்றாண்டு பீஜப்பூர் ஓவியர்கள் எலும்பும் தோலுமான குதிரைக்கே இப்படி உடம்பு கொடுத்திருக்கிறார்கள்.

முறைப்படி செய்யவேண்டும் என்பது என் வீம்பு. முதலில் கராகீனன் போட்டுத் தண்ணீரைக் கெட்டியாக்கவேண்டும். அது கடற்பாசிச் சரக்கு. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி அந்தப் பாசியை வளர்க்கிறார்கள். எங்கள் எண்ணூர்க் கடலில் வளர்வது துறைமுகங்கள்தான். சோளமாவுக் கஞ்சியில் சமாளித்தேன். சாயம் மூழ்காமல் விரிய மாட்டுப் பித்தநீர் வேண்டும். கறிக்கடை பாயிடம் கேட்டேன். "உடம்புக்கு இன்னா பண்ணுது?" என்றார் பரிவோடு. பாத்திரம் கழுவும் லிக்விடுக்கு இறங்கிவந்தேன். காகிதத்தில் சாயம் பிடிக்கப் படிகாரத் தண்ணீர் தடவணும். வீட்டிலிருந்த ஒரே படிகாரம் திருஷ்டிக்காக நிலைவாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்கியது. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அறுத்தேன்.

தெருப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். சொட்டிய நீலம் குழிப்பணியாரம் அளவுக்கு விரிந்தது. அதற்குள் சிவப்பு. ஊசியால் இழுத்தால் மயிலிறகு! ஒரு வாயும் பிளக்கவில்லை.

"இத்த நாங்க முகத்துவாரத்துல டெய்லி பாக்குறோம் மாமா" என்றான் ஒரு பொடியன்.

நியாயம்தான். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைப் பக்கெட்டில் அள்ளிய கரை இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றையே மூடியபோது, படகு, வலை எல்லாவற்றிலும் கறுப்பு டிசைன். துருக்கிக்காரர்களின் மார்பிள் கலையை 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எண்ணூர் ஆறு மனு போடவில்லை போலிருக்கிறது.

பொடியன் வீட்டுக்கு ஓடி, படகுக்கு அடித்து மிச்சமான எனாமலைக் கொண்டுவந்தான். கொஞ்சம் டர்பன்டைன் கலந்து பக்கெட்டுப் பச்சைத்தண்ணீரில் ஊற்றி, குச்சியால் ஒரு சுழற்று. பேப்பரைப் படியவைத்து எடுத்தான். கஞ்சி இல்லை, பித்தம் இல்லை, படிகாரம் இல்லை. என்னுடையதைவிட நன்றாக வேறு இருந்தது.

அதற்குள் அம்மா வந்து நிலைவாசலை அண்ணாந்து பார்த்தார்.

"அடேங்கப்பா, இன்னா திருஷ்டி! படிகாரம் முழுசா கரைஞ்சே பூட்ச்சே!"

உப்பும் மிளகாயும் எடுத்துவந்து எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துச் சுற்றிப்போட்டார். நானும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.