மொட்டைமாடியில் ஒரு மின்வாரியம்

கேள்வி: மூன்று கிலோவாட் சோலார் போட்டோம். பட்டப்பகலில், கொளுத்தும் வெயிலில், கரண்ட் போனால் எங்கள் வீட்டு ஃபேனும் நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டோமா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: ஏமாறவில்லை. உங்கள் இன்வெர்ட்டர் ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தெருவில் கரண்ட் போனதும் லைன்மேன் கம்பத்தில் ஏறுவார். அப்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் போனால், அது டிரான்ஸ்ஃபார்மரைப் பின்பக்கமாகக் கடந்து மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். அதனால்தான் ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைன் செத்த மறுகணமே தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. போன கரண்ட்டை ஈடுகட்ட ஜெனரேட்டர் ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி ப்ளக் பாயின்ட்டில் சொருகுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கரண்ட் இல்லாதபோதும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அது முதலில் உங்கள் வீட்டைத் தெரு லைனிலிருந்து துண்டிக்கும், பிறகு வீட்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும். 2018இல் கஜா புயலைப் பார்த்த ஊர் உங்களுடையது. பேட்டரிக்குச் செலவழிப்பதை நான் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். நான்கு விளக்கு, மூன்று ஃபேன், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்கு மட்டும் தனி லைன் பிரிக்கச் சொல்லுங்கள். ஏ.சி.யை அதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வாஸ்துக்காரர் பேனலைக் கிழக்கு பார்த்து வைக்கச் சொல்கிறார், எலக்ட்ரீஷியன் தெற்கு என்கிறார். யார் பக்கம் நீங்கள்?
(வாசகர், காரைக்குடி)

பதில்: சூரியன் பக்கம். நம் ஊரில் வருஷத்தின் பெரும்பகுதி அவர் தெற்கே சாய்ந்துதான் போகிறார். ஆனால் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வுதான் என்றால் கிழக்கு பார்த்து வைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, வீட்டில் சண்டை வேண்டாம். இருவருமே சொல்ல மறந்தது நிழலை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தால், அந்த ஓரத்தைச் சேர்ந்த செல் வரிசை முழுவதும் படுத்துவிடும். காலை ஒன்பது, மதியம், மாலை நான்கு என மூன்று வேளையும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வாருங்கள். பேனலின் இடத்தை அந்தக் கோடுகள் சொல்லும்.

கேள்வி: 540 வாட் பேனல் ஒன்று வாங்கி, மலிவான கன்ட்ரோலர் மூலம் வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரிக்குக் கொடுத்தேன். நல்ல வெயிலிலும் 170 வாட்டைத் தாண்டவில்லை. போலிப் பேனலா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: பேனல் அசல். இடையில் நிற்கிற கன்ட்ரோலர்தான் தின்கிறது. அந்தப் பேனல் சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரும்போதுதான் அது 540 வாட். நீங்கள் வாங்கியது பி.டபிள்யூ.எம். வகையாக இருக்க வேண்டும். அது பேனலை நேராகப் பேட்டரியோடு கோத்து, 41 வோல்ட்டை 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். ஆம்பியர் அதே 13தான். பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்குங்கள்: 169. உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை.

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அதிக வோல்ட்டை வாங்கிக் குறைந்த வோல்ட்டாகவும் அதிக ஆம்பியராகவும் மாற்றிக் கொடுக்கும். உடனே கடைக்கு ஓடாதீர்கள். மாற்றினால் 40 ஆம்பியர் வரை உங்கள் பேட்டரிக்குள் பாயும். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் பதமான சார்ஜ், 20 வரை போகலாம். 40 கொடுத்தால் தண்ணீர் கொதித்துக் குறையும், பிளேட் பாழாகும். ஒரே மாதிரியான, ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கினால் அதே மின்சக்திக்கு 20 ஆம்பியர்தான் வரும், எல்லாம் ஒத்துப்போகும். இன்வெர்ட்டரும் 24 வோல்ட்டாக இருக்க வேண்டும். பழைய பேட்டரிக்குப் புதியதை ஜோடி சேர்க்காதீர்கள், பழையது புதியதையும் தன் வயசுக்கு இழுத்துவிடும்.

இன்னும் ஒன்று. சுமை இல்லாதபோது அந்தப் பேனல் 50 வோல்ட் வரை காட்டும், குளிரில் அதற்கும் மேலே போகும். கன்ட்ரோலர் 100 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். 540 என்கிற எண்ணும் 25 டிகிரி சூட்டில் சோதித்துப் போட்டது. சித்திரை மதியத்தில் பேனல் 60 டிகிரிக்கு மேல் சுடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் குறைவது இயற்கை. அதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

கேள்வி: பேட்டரி வெறும் 12 வோல்ட். தொட்டால்கூட ஷாக் இல்லை. அதற்குப் போய் ஃபியூஸ், தடிமனான ஒயர் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
(வாசகர், கம்பம்)

பதில்: எல்லோரும் வாட்டையும் வோல்ட்டையும் கேட்கிறார்கள். வீட்டை எரிப்பது ஆம்பியர். 1000 வாட்டை 230 வோல்ட்டில் எடுத்தால் ஒயரில் ஓடுவது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. அதையே 12 வோல்ட்டில் எடுத்தால் 83 ஆம்பியர். மாடியில் பேட்டரி, கீழே இன்வெர்ட்டர், நடுவில் பத்து மீட்டர் தூரம், 4 ஸ்கொயர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். போக வர இருபது மீட்டர். கணக்குப்படி ஏழு வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். இன்வெர்ட்டர் ‘லோ பேட்டரி’ என்று அலறும். கரைந்ததெல்லாம் ஒயரின் சூடாக மாறும், கிட்டத்தட்ட 590 வாட். உங்கள் சுவருக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டி. ஆகவே பேட்டரியும் இன்வெர்ட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும், நடுவே உள்ள ஒயர் விரல் தடிமனில், கை நீளத்துக்குள் இருக்கட்டும்.

ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்காக இருப்பது. அதனால் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. ஷாக் இல்லை என்றீர்கள், உண்மை. ஆனால் கையிலிருக்கும் ஸ்பேனர் இரண்டு முனையிலும் ஒருசேரப் பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து இரும்பு பழுக்கும். தங்க மோதிரமும் அப்படித்தான், விரலோடு சேர்த்து. பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஆகும்போது லெட்-ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும். சாமி அறையில், விளக்குக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறவர்கள் இன்றே இடம் மாற்றுங்கள்.

கேள்வி: பேனல் லைனுக்குச் சாதாரண எம்.சி.பி. போதாதா? வீட்டில் உபரியாக நாலு கிடக்கிறது.
(வாசகர், ஓசூர்)

பதில்: போதாது. வீட்டுக் கரண்ட் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருகிறது. எம்.சி.பி. திறக்கும்போது எழும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேனல் தருவது டி.சி., அதற்குப் பூஜ்யமே கிடையாது. வெயில் இருக்கும்வரை பொறி எரிந்துகொண்டே இருந்து, எம்.சி.பி.யை உருக்கிவிடும். டி.சி.க்கென்றே செய்ததை வாங்குங்கள். பிளஸ் மைனஸ் குறி போட்டிருந்தால் அதன்படியே மாட்டுங்கள். பேனல் கனெக்டரைச் சுமை ஓடும்போது இழுத்துப் பிரிக்காதீர்கள், காரணம் அதேதான்.

கேள்வி: இன்வெர்ட்டர் வைத்ததிலிருந்து ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டார். இப்போது விழுவதே இல்லை. சரிதானே?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: சரியில்லை. இதைப் படித்து முடிக்கும் முன்பே அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். ஆர்.சி.சி.பி. போகிற கரண்ட்டையும் திரும்பி வருகிற கரண்ட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போயிருக்கலாம் என்று எண்ணிக் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டருக்குத் தனி ஃபேஸ் இழுத்தவர், நியூட்ரலை மட்டும் பழைய பொது ஒயரோடு சேர்த்திருப்பார். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால் கணக்கு இடிக்காமல் என்ன செய்யும்? இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரலும் தனி ஆர்.சி.சி.பி.யும் போட்டால் தீரும். ஒரு நாள் கூலி, கொஞ்சம் ஒயர். குளியலறையில் கீசர் போடுகிற பிள்ளைகளுக்காக அந்தச் செலவைச் செய்யுங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கும் மகன் பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துப் பேட்டரி செய்கிறான், கட்டிலுக்கு அடியில். பாராட்டவா, திட்டவா?
(வாசகி, ஈரோடு)

பதில்: மகனைப் பாராட்டுங்கள், பேட்டரியை வெளியேற்றுங்கள். அந்த லித்தியம் செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பழைய செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வலுவில் இருக்கும். வலு குறைந்தது முதலில் நிரம்பும், அளவு மீறிச் சூடேறும், பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். அவனுக்கு ஆசை தீரவில்லை என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் புதிய செல் நான்கு வாங்கிக் கொடுங்கள். ஒன்று 3.2 வோல்ட், நான்கும் தொடரில் 12.8. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் வகை அது. ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை இல்லாமல் ஒருநாளும் சார்ஜ் போடக் கூடாது. படுக்கையறையிலும், வெளியேற ஒரே வழியான மாடிப்படிக்கு அடியிலும் வைக்கக் கூடாது. புகை வந்தால் எல்லோரும் வெளியே, பிறகு 101.

கேள்வி: நானே சொந்தமாகப் பொருத்தினால் மானியம் உண்டா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: இல்லை. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். ஆனால் பதிவு பெற்ற நிறுவனம் பொருத்தி, ஈ.பி. லைனில் இணைத்திருக்க வேண்டும்.

கேள்வி: அதைத் தொடாதே, இதைச் செய்யாதே என்றே எழுதுகிறீர்கள். நாங்களாகச் செய்ய ஒன்றுமே இல்லையா?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: நிறைய இருக்கிறது, அதில் பாதி காகிதத்தில். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30. நான்கு ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட் செலவு 1.2 ஆகக் குறையும். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாகத் தருவது நாளுக்கு நான்கு யூனிட். ஆக, ஃபேனை மாற்றினாலே ஏறக்குறைய அரைக் கிலோவாட் பேனல் போட்ட மாதிரி.

கையாலும் செய்யத்தான் வேண்டும் என்றால் மாட்டுக்கொட்டகையில் தொடங்குங்கள். 100 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி, 10 ஆம்பியர் கன்ட்ரோலர், இரண்டு டி.சி. எல்.இ.டி. விளக்கு. ஈ.பி. ஒயர் பக்கமே போக வேண்டாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் 10 ஆம்பியர் ஃபியூஸ். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டுங்கள், அது வோல்ட்டைப் படித்துத் தன்னைத் தயார் செய்துகொள்ளட்டும். பேனலை ஒரு சாக்கால் மூடி அதன் பிறகு மாட்டுங்கள். விளக்கு கடைசி. கழற்றும்போது விளக்கு, பேனல், பேட்டரி என்ற வரிசையில் வாருங்கள். எரிந்ததும் எழுதுங்கள், மாடு எத்தனை என்பதையும் சேர்த்து.