அத்தை பெயருக்கு நேரே ஓர் எக்ஸ்

புத்தாண்டுக்கு யாராவது கொடுக்கும் டைரியில் நாம் ஒழுங்காக நிரப்புவது முதல் பக்கம் ஒன்றைத்தான். பெயர், முகவரி, ரத்த வகை, வண்டி எண் எல்லாம் மணிமணியான கையெழுத்தில் இருக்கும். பொங்கல் வரைக்கும் தினமும் இரண்டு வரி. அதற்கப்புறம் பால் கணக்கு, இஸ்திரிக் கணக்கு, அவசரத்தில் கிறுக்கிய ஒரு பத்து இலக்க எண். யாருடைய எண் என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. ஆடி மாதத்துக்குள் அந்த டைரி, ஆடுகிற மேசையின் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போய்விடும்.

குற்றம் நம்முடையது இல்லை, தேதியை அச்சடித்தவர்களுடையது என்பது என் கட்சி. மார்ச் 14 என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே முழுப் பக்கத்தையும் காலியாக விட்டால், அன்றைக்கு அப்படி என்ன கிழித்தாய் என்று அது கேட்கத்தான் செய்யும். பெட்ஷீட் துவைத்தேன் என்று அதில் எழுத யாருக்கு மனசு வரும்?

புல்லட் ஜர்னல் பக்கம் நான் போனதற்கு முதல் காரணமே அதில் தேதி கிடையாது என்பதுதான். வெறும் நோட்டு. தேதியை நாம்தான் போட வேண்டும். எழுதாத நாளுக்குப் பக்கமே இல்லை, ஆகவே பழியும் இல்லை. இதை உருவாக்கியவர் ரைடர் கேரல், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த டிஜிட்டல் வடிவமைப்பாளர். சின்ன வயதிலேயே அவருக்குக் கவனக் குறைபாடு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். ஓடுகிற மனசைப் பிடித்து உட்கார வைக்க, தனக்கென்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்ட முறையை 2013ல் இணையத்தில் போட்டார். 2018ல் அது புத்தகமாகவும் வந்தது.

விதிகள் ஒரு கை அளவுதான். முதல் சில பக்கங்கள் பொருளடக்கத்துக்கு. அடுத்து, வரப்போகும் மாதங்களுக்குக் கொஞ்சம் இடம். பிறகு இந்த மாதம், பிறகு இன்று. செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி. நிகழ்ச்சி என்றால் சின்ன வட்டம். வெறும் தகவலுக்கு ஒரு கோடு. வேலை முடிந்ததும் புள்ளியின் மேலேயே எக்ஸ் போட வேண்டும். முடியாமல் அடுத்த மாதத்துக்குப் போனால் அதே புள்ளியை அம்புமுனை ஆக்க வேண்டும். புள்ளியிலிருந்து எதை வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம், அழிக்க வேண்டியதில்லை என்பதுதான் சூட்சுமம்.

இவ்வளவு எளிய விஷயத்தைக் கெடுக்க என் மகள் பெருமுயற்சி எடுத்தாள். யூடியூபில் ஒரு பெண் பிப்ரவரி மாதத்தைத் தொடங்குவதைக் காட்டினாள். ஜப்பான் வாஷி டேப், ஏழெட்டு நிறத்தில் பிரஷ் பேனா, ஓரமெல்லாம் ஸ்ட்ராபெரி. தண்ணீர் குடித்தால் வண்ணம் அடிக்கக் குட்டிக் குட்டி டம்ளர்கள். அந்தப் பெண்ணுக்குப் பிப்ரவரியில் வேறு வேலையே இல்லை என்பது பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேரலின் பக்கங்களோ கறுப்பு மையும் வெள்ளைத் தாளுமாகச் சாதுவாக இருக்கும். அலங்காரமெல்லாம் பின்னால் வந்த பக்தகோடிகளின் கைங்கரியம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, பிரெஞ்சு கவர்னர் துப்ளெக்ஸ் என்ன பேசினார் என்பதையெல்லாம் ஒரு ஸ்ட்ராபெரி கூட வரையாமல்தான் எழுதினார்.

புள்ளி அச்சடித்த நோட்டு தேடிப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவில் ஒரு காகிதக் கடை. "புள்ளி போட்ட நோட்டு இருக்குங்களா?" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "டேய், அம்மாவுக்குக் கோல நோட்டு எடு." நான் திருத்தவில்லை. பிறகு நடந்ததை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.

எழுத ஆரம்பிக்குமுன் ஒரு மனக் கணக்கெடுப்பு செய்யச் சொல்கிறார் கேரல். ஒரு தாளில் மூன்று பத்தி: செய்துகொண்டிருப்பவை, செய்தாக வேண்டியவை, செய்ய ஆசைப்படுபவை. முதல் பத்தி தாளை மீறி ஓடியது. இரண்டாவதில் சொத்து வரி, பல் டாக்டர், பரண் சுத்தம். மூன்றாவது பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நெடுநேரம் யோசித்து 'வீணை' என்று எழுதினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து, "தம்பூரா வேணாமா?" என்றது கணவரின் குரல். இது எனக்கே எனக்கான நோட்டு என்ற எண்ணத்தை நான் கைவிட்டது அந்த இடத்தில்தான்.

இலக்குகளுக்கும் அவர் ஒரு பயிற்சி வைத்திருக்கிறார். 5 ஆண்டில் ஒன்று, 4 மாதத்தில் ஒன்று, 3 வாரத்தில், 2 நாளில், கடைசியாக 1 மணி நேரத்தில். மத்திய அரசே 2017உடன் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டது, நான் இப்போதுதான் தொடங்குகிறேன். 5 ஆண்டு: வீட்டுக் கடனை அடைப்பது. 4 மாதம்: கார் ஓட்டக் கற்பது. 3 வாரம்: பல் டாக்டர். 2 நாள்: தையல்காரரிடமிருந்து பிளவுஸை மீட்பது. 1 மணி நேரம்: மாவு அரைப்பது. கடைசி இலக்கு சொன்னபடி நிறைவேறியது. அரிசி ஏற்கெனவே ஊறியிருந்தது.

இனி அத்தை விஷயம். மாமனார் ரயில்வேயில் இருந்தவர். அவருக்குப் பிறகு அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுதோறும் நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். வரப்போகும் மாதங்களுக்கான பக்கத்தில் நவம்பருக்கு இருந்தது ஒரு துண்டு இடம். அதில் 'அத்தை – ஆயுள்' என்று மட்டும் எழுதிப் புள்ளி வைத்திருந்தேன். நவம்பரும் வந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அத்தையின் கைரேகை மெஷினில் விழவில்லை. முகத்தைக் காட்டலாம் என்று மகள் மொபைலை நீட்டினாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அத்தை சிமிட்டினார். அவர் உயிரோடிருப்பதை இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதியில் அழுத்தமாக ஓர் எக்ஸ் போட்டேன்.

சாயங்காலம் பால் கணக்கு பார்க்க நோட்டை எடுத்த அத்தை, கண்ணாடியை ஒருமுறை துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, என் பேருக்கு நேரா இது என்ன?"

"முடிஞ்சுதுன்னு அர்த்தம் அத்தை."

வாயை விட்டுப் போன பிறகுதான் வாக்கியம் என் காதில் விழுந்தது. மகள் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அத்தை.

புள்ளி, கோடு, எக்ஸ் என்று முழு முறையையும் விளக்கினேன். கேரல் யார் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு மாமியார் கிடையாதா?" என்றார். அதுபற்றி அவர் புத்தகத்தில் குறிப்பேதும் இல்லை. அன்றிலிருந்து அத்தை சம்பந்தப்பட்ட எதற்கும் எங்கள் வீட்டில் டிக்தான்.

கோபம் தணிந்த அத்தை, நோட்டின் மேல் உரிமை எடுத்துக்கொண்டார். மார்கழிக்கு முன்னால் கோலங்களைப் போட்டுப் பார்க்க அவருக்குப் புள்ளித்தாள் வேண்டும். சதுரத்தாளில் நேர்ப்புள்ளி சுலபமாக வந்துவிட்டது. 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை என்றால் அடுத்தடுத்த வரிசை பாதி பாதி நகர வேண்டும், அதற்கு இந்தத் தாள் ஒத்துவரவில்லை. "வெள்ளைக்காரனுக்கு ஊடுபுள்ளி தெரியல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நோட்டைக் குறுக்கே திருப்பி, ஒன்று விட்டு ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அடுத்த வரிசையில் விட்ட புள்ளிகளை எடுத்துக்கொண்டு, கச்சிதமாகப் போட்டு முடித்தார். நடுவில் தாமரை, சுற்றி எட்டுக் கிளி. நான் வாயைத் திறப்பதற்குள், "முன்னாடி பக்கத்துல எழுதிடு. 34லேர்ந்து 37, கோலம்" என்றார். நோட்டின் நடுவில் எந்தப் பொருளை வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதைப் பொருளடக்கத்தில் ஏற்றினால் போதும் என்பது கேரல் வகுத்த விதி. எங்கள் வீட்டில் அதைப் பிசகாமல் கடைப்பிடிப்பவர் அத்தை ஒருவர்தான்.

இந்த முறையில் உண்மையான விஷமம் மாதக் கடைசியில் இருக்கிறது. முடியாத வேலைகளை அடுத்த மாதத்துக்குக் கையால் திரும்ப எழுத வேண்டும். மொபைலில் என்றால் நேற்றைய வேலை நம்மைக் கேட்காமலேயே நாளைக்குத் தாவிவிடும், வலிக்காது. இங்கே வலிக்க வேண்டும் என்றே வைத்திருக்கிறார் மனிதர். திரும்ப எழுதும் அளவுக்குக் கூட மதிப்பில்லாத வேலையைச் செய்வானேன், அடித்துவிடு என்கிறார். அடிக்குமுன் கேட்டுக்கொள்ள இரண்டு கேள்விகளும் தருகிறார்: இது அவசியமா? எனக்கோ என் அன்புக்குரியவர்களுக்கோ இது முக்கியமா?

'பரண் சுத்தம்' இந்த இரண்டு கேள்விகளையும் தின்று ஏப்பம் விட்டது. பரணில் இருப்பவை: கொலுப் படிகள், ஈயம் போன பித்தளை அண்டா, தெர்மாகோலோடு மிக்சி அட்டைப்பெட்டி, என் மகள் படுத்த தொட்டிலின் கம்பு, மாமனாரின் டிரங்குப் பெட்டி. எனக்கு இது அவசியமா என்றால் இல்லை. அத்தைக்கு முக்கியமா என்றால், டிரங்குப் பெட்டிக்கு எலி வந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை கேட்கிறார். அடிக்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. மாதா மாதம் அம்புமுனை போட்டு, திரும்பத் திரும்ப எழுதியதில், என் கையெழுத்திலேயே அழகாக அமைந்துவிட்ட சொல் 'பரண்'தான்.

சென்ற மாதம் அதை எழுதும்போது முன்னால் புள்ளி வைக்கவில்லை, வட்டம் போட்டேன். நோட்டில் எதையும் விடாமல் படிக்கும் கணவர் உடனே பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு ஏன் வட்டம்?"

"புள்ளின்னா நான் செய்ய வேண்டியதுங்க. வட்டம்னா அது பாட்டுக்கு நடக்கும். ஞாயித்துக்கெழமைன்னு தேதியும் போட்டிருக்கேன்."

"யார் நடத்துவாங்க?"

"அதுக்கு இந்த முறையில குறி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணி எங்கே என்று கேட்டார். அத்தை நோட்டைத் திறந்து பொருளடக்கத்தில் விரலை ஓட்டினார்.

"இதுல ஏறல. எதிர் வீட்டுக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க, போய்க் கேளு."